மரமில்லாத மரத்துக் கடை

எங்க கடை நாலாவது தடவையா இடம் மாறப் போகுது.

கடைன்னதும் பெருசா எதையும் கற்பனை பண்ணிக்க வேண்டாம். கொடைக்கானல்ல, ஏரிக்கும் ஸ்டார் ஓட்டலுக்கும் சம்பந்தமே இல்லாத ஒரு சந்து. நாலு மேசை, எட்டு பெஞ்சு, ஒரு கல்லா. காலைல இட்லி, பொங்கல், தோசை. மதியம் அளவில்லாச் சாப்பாடு. சாயங்காலம் அஞ்சு மணியோட அடுப்பு அணைஞ்சிடும். வர்றவங்க ஜீப் டிரைவர்கள், காய்கறி மூட்டை ஏத்துறவங்க, கொத்தனார்கள், பூம்பாறை மன்னவனூர் பக்கத்துலேர்ந்து ஆஸ்பத்திரிக்கோ பேங்குக்கோ வந்துட்டு ஊர் திரும்ப பஸ் பாத்துக்கிட்டு நிக்கிறவங்க. டூரிஸ்டுகள் வழி தவறி வந்தாத்தான் உண்டு.

போர்டு கிடையாது. லைசென்ஸ்ல அம்மா பேர்ல ஏதோ ஒரு விலாஸ்னு இருக்கு, ஆனா அந்தப் பேரைச் சொன்னா எங்க தெருவுக்கே தெரியாது. எல்லாருக்கும் அது 'மரத்துக் கடை'. 1994-ல மூஞ்சிக்கல் பக்கம் தகர ஷெட் போட்டு ஆரம்பிச்சப்ப, ஷெட்டை ஒட்டி பெரிய தைல மரம் ஒண்ணு இருந்துச்சாம். மரத்துக்குப் பக்கத்துல இருக்கிற கடை, அவ்வளவுதான் விஷயம். 2003-ல அங்கேர்ந்து கிளம்பியாச்சு. அதுக்கப்புறம் நாங்க போன எந்த இடத்துலயும் மரம் கிடையாது. செடி கூட கிடையாது. ஆனாலும் இன்னைக்கு வரைக்கும் மரத்துக் கடைதான்.

இப்ப இருக்கிற கட்டடத்துக்காரர் போன டிசம்பர்ல வந்து, பையன் அங்க ரூம் கட்டப் போறான், மூணு மாசத்துல காலி பண்ணிக் குடுங்கன்னுட்டார். 11 மாச அக்ரிமெண்ட்ல இருக்கிறவனுக்கு இதுல வாதாட ஒண்ணும் இல்ல. அப்பாவுக்கு 61 வயசு. மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் ஒரே பாட்டு: "பையன் சென்னைல கம்ப்யூட்டர்ல சம்பாதிக்கிறான்ல, மூடிட்டு நிம்மதியா இருக்க வேண்டியதுதானே?" எனக்கும் தனியா போன் பண்ணி, நீ சொன்னா கேப்பாருன்னு சொல்றாங்க. நான் சொன்னா அவர் என்னைக்குக் கேட்டிருக்காரு? :-)

அப்பா ஏற்கெனவே இடம் பாத்துட்டார். பெருமாள்மலைல. டவுன்லேர்ந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் கீழ, பழனி ரோடும் வத்தலக்குண்டு ரோடும் சேர்ற இடம். வாடகை பாதி. "இடமெல்லாம் தோதாத்தான் இருக்கு தம்பி. ஆனா நம்ம ஆளுங்க அங்கிட்டு வருவாங்களா? நீதான் அந்தக் கம்ப்யூட்டர்ல என்னென்னமோ பாப்பியே, பாத்துச் சொல்லு" என்றார். இதுக்கு எந்த கம்ப்யூட்டர்ல பாக்கிறது? எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். இதே மாதிரி இடம் இடமா மாறின ஒரு கடை என்ன ஆச்சுன்னு பாக்கலாம். அதுவும் நான் தினமும் ஆபீஸ் போற வழியிலேயே கிடைச்சுது.

கதீட்ரல் ரோட்டுல, ஜெமினி மேம்பாலத்துலேர்ந்து இறங்கினா செம்மொழிப் பூங்கா வரும். இன்னைக்கு ஜோடிங்களும் போட்டோ எடுக்கிறவங்களும் வர்ற இடம். 2008 ஏப்ரல் வரைக்கும் அங்கதான் உட்லண்ட்ஸ் டிரைவ் இன் இருந்துச்சு. அது மூடும்போது நான் கொடைக்கானல்ல அரை டிரவுசர் போட்டுக்கிட்டு இருந்தேன், அதனால எனக்கு நேரடியா எதுவும் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும். எப்படின்னு அப்புறம் சொல்றேன்.

உட்லண்ட்ஸை ஆரம்பிச்சவர் கே. கிருஷ்ணராவ். உடுப்பிப் பக்கம் கடந்தலே கிராமம், 1898-ல பிறந்தவர், வசதியில்லாத குடும்பம். தென் கன்னடத்துலேர்ந்து பிழைப்புக்கு மெட்ராஸ் வந்த எத்தனையோ பேர்ல ஒருத்தர். ஓட்டல் அடுப்படில மாவாட்டி, பாத்திரம் கழுவித்தான் தொழில் பழகினவர். முதல்ல அவர் கைக்கு வந்தது ஜார்ஜ் டவுன் ஆச்சாரப்பன் தெருவுல ஒரு சின்னக் கடை. அப்புறம் மவுண்ட் ரோட்டுல உடுப்பி ஸ்ரீகிருஷ்ண விலாஸ். இது வரைக்கும் பேர்ல ஒரு விசேஷமும் இல்ல. உடுப்பிக்காரங்க கடை வெச்சா கிருஷ்ணன் பேர் வெப்பாங்க. அந்தக் காலத்துல தெருவுக்கு ரெண்டு கிருஷ்ண விலாஸ் இருந்திருக்கும்.

1930-களோட கடைசில ராயப்பேட்டை வெஸ்ட்காட் ரோட்டுல ராமநாதபுரம் ராஜாவோட பங்களா ஒண்ணை வாடகைக்கு எடுத்தார். தங்குறதுக்கு ரூம், சாப்பிட ஹால், சுத்தி மரங்கள். அந்த பங்களாவுக்கு ஏற்கெனவே ஒரு பேர் இருந்துச்சு: உட்லண்ட்ஸ். அதையே ஓட்டலுக்கும் வெச்சுக்கிட்டார்.

இது எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். இன்னைக்கு லண்டன் வரைக்கும் போயிருக்கிற பேர், ஆளோட பேரும் இல்ல, சாமி பேரும் இல்ல, ஊர்ப் பேரும் இல்ல. வாடகை வீட்டோட பேர். கட்டடத்தோட சேர்த்து பேரையும் வாடகைக்கு எடுத்திருக்காங்க. ஆனா கட்டடத்தை விட்டுட்டு வரும்போது பேரைத் திருப்பிக் குடுக்கல!

கொடைக்கானல்காரனுக்கு இது சட்டுனு புரியும். எங்க ஊர்ல பழைய பங்களாவுக்கெல்லாம் கதவு நம்பரை விட பேர்தான் பெருசு. 1845-ல அமெரிக்க மிஷன்காரங்க மதுரை வெயிலுக்குத் தப்பிச்சு மேல வந்து முதல்ல கட்டின ரெண்டு வீட்டுக்கே சன்னிசைட், ஷெல்டன்னு பேர் உண்டு. ஏரியே அதுக்கப்புறம் 1863-ல லெவிஞ்ச் துரை உண்டாக்கினதுதான். ஏரிக்கு முன்னாடியே வீட்டுக்குப் பேர் வந்துடுச்சு. வீடு கை மாறும், ஓட்டலாகும், ஸ்கூலாகும், பேர் மட்டும் கேட் தூண்ல கல்லுல அப்படியே இருக்கும். எங்க சின்ன வயசு வழி சொல்றதெல்லாம் அப்படித்தான்.

சரி, கிருஷ்ணராவ் கதைக்கு வருவோம். 1952-ல மயிலாப்பூர் பக்கம் எட்வர்ட் எலியட்ஸ் ரோட்டுல, அதாவது இன்னைக்கு டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலைல, இன்னொரு ஓட்டல். பேர் நியூ உட்லண்ட்ஸ். அப்ப ராயப்பேட்டைல இருந்தது தானா 'ஓல்ட் உட்லண்ட்ஸ்' ஆயிடுச்சு. பத்து வருஷம் கழிச்சு 1962-ல கதீட்ரல் ரோட்டுல தோட்டக்கலைச் சங்கத்துத் தோட்டத்தை ஒட்டி, அரசாங்க நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, டிரைவ் இன். அமெரிக்காவுல கார்ல உக்காந்தபடியே சாப்பிடுறாங்களாமேன்னு கேட்டு, அதை இட்லி வடைக்கு மாத்தின ஐடியா. காரை மரத்தடில நிறுத்தினா சப்ளையர் வந்து ஆர்டர் எடுப்பார். கதவுக் கண்ணாடில மாட்டுற மாதிரி ட்ரே. மெட்ராஸ்ல எத்தனை பேர்கிட்ட அப்ப கார் இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. சாப்ட்வேர்ல நாங்க இதை சந்தைக்கு முன்னாடி போயிட்டோம்னு சொல்லி கம்பெனியை மூடிடுவோம். அவர் 46 வருஷம் ஓடுற கடையைப் போட்டிருக்கார்.

ஓடினதுக்குக் காரணம் கார்க்காரங்க மட்டும் இல்ல. உள்ள நடுவுல கார் இல்லாதவங்களும் உக்காந்து சாப்பிட ஒரு ஹால் இருந்துச்சு. ஒரு காபியை வாங்கி வெச்சுக்கிட்டு எத்தனை மணி நேரம் வேணா உக்காரலாம், எழுந்திருன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. மெடிக்கல் ரெப், சினிமாவுக்குக் கதை சொல்றவங்க, பத்திரிகைக்காரங்க, வேலை தேடுறவங்க, காதலிக்கிறவங்க எல்லாருக்கும் அதுதான் ஆபீஸ்.

அப்பா இந்தக் கூட்டத்துல ஒருத்தர் இல்ல. அவர் எண்பதுகளோட கடைசில மெட்ராஸ்ல வேற ஒரு ஓட்டல்ல சப்ளையர். வார லீவு நாள்ல, கூட வேலை பாக்கிற ரெண்டு பேரோட நடந்தே டிரைவ் இன்னுக்குப் போவாராம். லீவு அன்னைக்கும் ஓட்டலுக்கா போவீங்கன்னு கேட்டேன். "பெரிய கடைல எப்படி வேலை நடக்குதுன்னு பாக்கத்தான்டா போவோம். நீ லீவுல வேற கம்பெனிக்காரன் செஞ்சதைத் தோண்டிப் பாக்கல?" என்றார். வாயை மூடிக்கிட்டேன்.

அவருக்கு தோசை ருசி பெருசா ஞாபகம் இல்ல. ஞாபகம் இருக்கிறது நடை. அடுப்படிலேர்ந்து கடைசி கார் வரைக்கும் எவ்வளவு தூரம், ஒரு ஆள் ஒரு நாளைக்கு எத்தனை தடவை நடக்கணும், காபி ஆறிப்போகாம கொண்டு சேர்க்க எப்படி அடுக்கிறான், ட்ரேயைக் கழட்டும்போது கார்ல கீறல் விழாம எப்படிப் புடிக்கிறான், இதெல்லாம். "எங்க கடைல மேசைக்கும் அடுப்புக்கும் பத்தடி. அதுக்கே ராத்திரி கால் வீங்கும். அவனுங்க எல்லாம் எப்படித்தான் நடந்தானுங்களோ." டிரைவ் இன் பத்தி எழுதின யாரும் சப்ளையரோட காலைப் பத்தி எழுதி நான் படிச்சதில்ல.

2008-ல அரசாங்கம் நிலத்தைத் திருப்பி எடுத்துக்கிச்சு. கோர்ட்டு வழக்கெல்லாம் முடிஞ்சு ஏப்ரல்ல கடை மூடினாங்க. 2010 நவம்பர்ல கருணாநிதி முதலமைச்சரா இருந்தப்ப அங்க செம்மொழிப் பூங்கா திறந்தாச்சு. இதை அநியாயம்னு புலம்புறவங்க நிறைய. எனக்கு அப்படிச் சொல்ல வரல. நிலம் பொதுச் சொத்து, குத்தகை குத்தகைதான், பூங்கான்னா எல்லாரும் போகலாம். ஆனா அந்த 'எல்லாரும்' கொஞ்சம் இடிக்குது. பூங்காவுக்கு டிக்கெட் உண்டு, மூடுற நேரம் உண்டு. டிரைவ் இன்னுக்கு ஒரு காபி காசு போதும், அதுக்கு மேல காபியும் கிடைச்சுது!

ஒரு சனிக்கிழமை டிக்கெட் வாங்கி உள்ள போய்ப் பாத்தேன். பெரிய மரங்கள் இன்னும் நிக்குது. எதுக்குக் கீழ கார் நிறுத்தியிருப்பாங்கன்னு தேடிக்கிட்டு இருந்தேன். அங்க மரம் இருக்கு, கடை இல்ல. எங்க கதைல மரம் இல்ல, கடை இருக்கு. அங்கேர்ந்தே அப்பாவுக்கு போன் பண்ணி இதைச் சொன்னேன். "மரத்தை வெச்சு இட்லி அவிக்க முடியாதுல்ல" என்றார்.

அதே ரோட்டுல நேரா கிழக்கே போனா நியூ உட்லண்ட்ஸ். அங்கயும் போனேன். பேர் அதேதான், காபியும் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா ஒரு காபிக்கு மூணு மணி நேரம் உக்கார எனக்கே கூச்சமா இருந்துச்சு. டிரைவ் இன்ல உக்காந்துக்கிட்டு இருந்தவங்கள்லாம் மறுநாள் காலைல எங்க போயிருப்பாங்க? பேர் ஒரு கிலோமீட்டர் தள்ளி பத்திரமா இருக்கு. அடுப்படி இருக்கு. அந்தக் கூட்டத்துக்கு மட்டும் போக இடம் இல்ல. அப்பா கேட்ட கேள்வி இதுதானே: நம்ம ஆளுங்க வருவாங்களா?

எங்க தொழில்ல இதுக்கு ஒரு ஏற்பாடு இருக்கு. ஒரு இணையதளத்தை ஒரு சர்வர்லேர்ந்து இன்னொண்ணுக்கு மாத்தினா, பழைய பேருக்கு நேரா புது முகவரியை எழுதி வெச்சுடுவோம். நீங்க பேரைத்தான் அடிக்கிறீங்க, முகவரி மாறினது உங்களுக்குத் தெரியவே தெரியாது. என்ன, பழைய முகவரியை ஞாபகம் வெச்சிருக்கிற கம்ப்யூட்டர்கள் கொஞ்ச நேரம் பழைய இடத்துலயே போய் முட்டிக்கிட்டு நிக்கும். 2011-ல நாங்க ரெண்டாவது தடவை மாறினப்ப பூம்பாறைலேர்ந்து வர்ற ஒரு பெரியவர் அப்படித்தான் ரெண்டு மாசம் பழைய இடத்துலயே வந்து நின்னாராம். அங்க செல்போன் கடை வந்துடுச்சு. போன் கடைப் பையன் பாவம் பாத்து ஒரு நாள் கைப்பிடிச்சு எங்க கடைக்குக் கூட்டிட்டு வந்தான். "மரத்துக் கடைன்னா மரம் எங்கய்யா?"ன்னு அவர் சண்டை போட்டாராம். முதல் கடையும் பாத்தவர், ரெண்டாவதும் பாத்தவர். ரெண்டாவதுலயே மரம் இல்லையே தாத்தான்னு யாரும் கேக்கல.

பேர் விஷயத்துல எங்க மாவட்டத்துலயே பெரிய உதாரணம் ஒண்ணு இருக்கு. 1957-ல திண்டுக்கல்ல நாகசாமி நாயுடு ஆனந்த விலாஸ் பிரியாணி ஓட்டல்னு ஆரம்பிச்சார். ஆனந்த விலாஸ்னு சொன்னா இன்னைக்கு யாருக்குத் தெரியும்? அவர் தலைல எப்பவும் தலப்பா கட்டியிருப்பார், சனங்க 'தலப்பாக்கட்டி கடை'ன்னாங்க. போர்டுல எழுதினது தோத்துடுச்சு, சனங்க வாய்ல வந்தது ஜெயிச்சுது. அப்புறம் சீரகச் சம்பா பிரியாணி மணத்தோட அந்தப் பேர் சென்னை வரைக்கும் போய், அது யாருக்குச் சொந்தம்னு உயர் நீதிமன்றத்துல வழக்கே நடந்துச்சு. ஊர்க்காரங்க வெச்ச பட்டப்பேருக்கு யார் பத்திரம் எழுதிக் குடுக்கிறது? எங்க மரத்துக் கடைக்கு அந்த அளவுக்கு ஆபத்து வரும்னு தோணல, வந்தா சந்தோஷம் :-)

போர்டுல என்ன எழுதியிருக்குங்கிறது எப்பவும் சின்ன விஷயமும் இல்ல. அதே 1957-லதான் சென்னை திருவல்லிக்கேணில முரளி கஃபே போர்டுல இருந்த 'பிராமணாள்'ங்கிற வார்த்தையை எதிர்த்து பெரியார் மறியல் நடத்தினார். அப்பல்லாம் சாப்பாட்டுக் கடை பேரே யார் உள்ள வரலாம்னு சொல்ற வேலையும் பாத்திருக்கு. அப்பா போர்டே வைக்காததுக்குக் காரணம் அதெல்லாம் இல்ல. போர்டு வெச்சா வரி போடுவாங்கன்னு யாரோ 1994-ல சொல்லியிருக்காங்க. அதை இன்னும் நம்புறார்.

எங்க மூணு இடமாற்றத்துல ரெண்டைப் பத்திச் சொல்ல ஒண்ணும் இல்ல. வாடகை ஏத்தினாங்க, மாறினோம். 2019 வேற மாதிரி. மாஸ்டர் பிளானை மீறிக் கட்டின கட்டடங்களுக்கு சீல் வைக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது, கொடைக்கானல் முழுக்க கட்டடம் கட்டடமா பூட்டு விழுந்துச்சு. நாங்க இருந்த கட்டடத்தோட ஓனர் மேல் மாடிக்கு அனுமதியே வாங்கல. நாங்க கீழ இட்லி அவிச்சுக்கிட்டு இருந்தோம், பூட்டு கட்டடத்துக்குப் பொதுவா வந்துச்சு. பாத்திரம், கிரைண்டர், பெஞ்சை வெளிய எடுக்க ஒரே ஒரு பகல்தான் கிடைச்சுது. ஜீப் டிரைவர் அண்ணன்கள்தான் வந்து தூக்கினாங்க. ஒரு ட்ரிப்புக்கும் காசு வாங்கல. அம்மா மட்டும் அழுதுக்கிட்டே மாவு அண்டாவை மடில வெச்சுக்கிட்டு ஜீப்ல உக்காந்திருந்தாங்க, அன்னைக்குக் காலைல ஆட்டின மாவு. சட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன், மலை தாங்குற அளவுக்கு மேல கட்டியாச்சுங்கிறது அங்க பொறந்தவனுக்குக் கண்ணால தெரியும். ஆனா வாடகைக்கு இருக்கிறவன் யார் தப்புக்கும் முதல்ல வெளிய வர்ற ஆள்.

அப்புறம் கொரோனா. அப்புறம் 2024 மே 7-லேர்ந்து இ-பாஸ். 2025 சீசனுக்கு வார நாள்ல 4,000, சனி ஞாயிறுல 6,000 வண்டின்னு கணக்கு வெச்சாங்க. எங்க கடைக்கு டூரிஸ்ட் வரலேன்னா என்னன்னு நினைக்கலாம். வண்டி குறைஞ்சா ஜீப் டிரைவருக்கு சவாரி குறையும். அவர் ரெண்டாவது தோசை சொல்ல மாட்டார். கணக்கு அந்த ரெண்டாவது தோசைலதான் இருக்கு.

நான் எக்செல்ல போட்டுப் பாத்தேன். வாடகை, கேஸ், கூலி, வர்ற ஆள். பெருமாள்மலைல வாடகை குறைவு, ஆனா சந்தைக்காரங்க, மூட்டை தூக்குறவங்க யாரும் சாப்பிட அவ்வளவு தூரம் இறங்கி வர மாட்டாங்க. ஞாயிற்றுக்கிழமை சந்தைக் கூட்டம் போச்சு. பதிலுக்கு பஸ், லாரி, பழனிக்குப் போறவங்க வரலாம். பழைய ஆள்ல மூணுல ஒரு பங்கு வந்தாலே பெருசு. ஃபைலை அப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன். முழுசும் கேட்டுட்டு, "ஜீப்காரனுங்க வருவானுங்க. எங்கிட்டு ஏறினாலும் இறங்கினாலும் பெருமாள்மலையத் தாண்டித்தான் ஆகணும்" என்றார். என் ஃபைல்ல அந்த வரி இல்ல.

அப்பாவோட பெரிய கவலை மாவு. டவுன் ஏழாயிரம் அடி உயரம். தண்ணி 93 டிகிரி பக்கத்துலேயே கொதிச்சிடும், சோறு வேக கீழ ஊரை விட நேரம் பிடிக்கும். டிசம்பர் ஜனவரில மாவு பொங்கவே பொங்காது. ராத்திரி அண்டாவுக்குச் சாக்கு சுத்தி, அணைஞ்ச விறகு அடுப்போரமா வெச்சு, நடுச்சாமத்துல எழுந்து தொட்டுப் பாக்கிறது அம்மா வேலை. 30 வருஷமா ஒவ்வொரு இடத்துலயும் அடுப்போரத்துல அந்த அண்டா வைக்க ஒரு மூலை இருக்கான்னுதான் முதல்ல பாப்பாங்க. அட்வான்ஸ் பேசுறதெல்லாம் அப்புறம். உட்லண்ட்ஸ் பத்தி நான் சேத்து வெச்சதையெல்லாம் சொன்னப்ப அம்மா கேட்டது ஒண்ணே ஒண்ணு: "அத்தாம் பெரிய தோட்டத்துல மாவு எங்க வெச்சாங்களாம்?" யாருக்குத் தெரியும்!

மூடச் சொல்லி நான் சொல்லல. மாமாவுக்குப் போன் பண்ணி, அட்வான்ஸ்ல பாதி நான் குடுக்கிறேன்னு சொல்லிட்டேன், இனிமே எனக்குப் போன் வராது. உனக்கெதுக்குடா இந்த வேலைன்னு ரூம்மேட் கேக்கிறான். பசி வேளைல அந்தச் சந்துக்குள்ள நுழைஞ்சு "அண்ணே, இலையப் போடுங்க"ன்னு ஒரு ஆள் சொல்றதை ரெண்டு நாள் நின்னு கேட்டா அவனுக்குப் புரியலாம். சந்தைக்காரங்களுக்கு இனிமே எங்க இலை போடுவாங்கன்னுதான் தெரியல. டவுன்ல நூறு ரூபாய்க்குள்ள வயித்தை நிரப்புற கடை குறைஞ்சுக்கிட்டே வருது. அந்த டிரைவ் இன் கூட்டம் மாதிரி இவங்களும் எங்கயாவது கலைஞ்சு போவாங்க. அப்பா அதைப் பத்தி வாயைத் திறக்கல. ஆனா ஞாயிறு மதியத்துக்கு மட்டும் பெருமாள்மலைலேர்ந்து சோறு, சாம்பார், பொரியலை ஜீப்ல ஏத்திட்டு வந்து சந்தையோரமா நின்னு விக்கலாமான்னு டிரைவர் அண்ணன் ஒருத்தர்கிட்ட வாடகை பேசிக்கிட்டு இருக்கிறதா அம்மா சொன்னாங்க.

போன வாரம் ஊருக்குப் போனப்ப புது இடத்தைக் காட்ட அப்பா கூட்டிட்டுப் போனார். ரோட்டை ஒட்டி, ஓடு போட்ட பழைய கட்டடம். முன்னாடி டீக்கடை இருந்ததாம், சுவரெல்லாம் கரி. டவுன் அளவுக்குக் குளிர் இல்ல. அம்மா நேரா உள்ள போய் அடுப்போரத்து மூலைல குனிஞ்சு தரையில கை வெச்சுப் பாத்தாங்க. "ஏங்க, இங்க சாக்கே வேணாம் போல" என்றார்கள். மரம் இருக்கான்னு நான் வெளிய வந்து பாத்தேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் கரண்ட் கம்பம் ஒண்ணு, அதுல யாரோ ஒட்டின ரூம் வாடகை நோட்டீஸ். அப்பா அதுக்குள்ள டேப்பை எடுத்து, அடுப்புலேர்ந்து கடைசி மேசை வரைக்கும் அளந்துக்கிட்டு இருந்தார். பதினாலு அடி.

"நாலடி கூட" என்றார்.